அத்தைக்கு, மடிப்பாக்கத்திலிருந்து

அன்புள்ள அத்தைக்கு,

வீட்டை இடிச்சுக் கட்ட பில்டருக்குக் கையெழுத்து போட்டாச்சு. உங்க பிள்ளை அன்னைக்கு ராத்திரியே ஃபோன்ல சொல்லிட்டார். நீங்க நல்லதுன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. "மல்லி மொட்டு விட்டுச்சா?"ன்னு மட்டும் கேட்டீங்களாம். அவரைக் கேட்டா எப்படி? அவர் கொல்லைப் பக்கம் போறதே மோட்டார் போடத்தான். அதனால நான் எழுதுறேன். அங்கே பெங்களூருல இதை உங்களுக்குப் படிச்சுக் காட்டப் போறது அண்ணிதான்னு தெரியும். சொந்தத்துல இன்னும் பல பேர் படிப்பாங்கன்னும் தெரியும். பில்டர் யாரு, யாருக்கு எந்தத் தளம், மாமா பத்திரத்துல ஏன் என் பேரையும் சேர்த்தார், இதெல்லாம் இங்கே வராது.

மல்லி மொட்டு விட்டுச்சு அத்தை. இந்த வருஷம் மாதிரி விட்டதே இல்லை.

நவம்பர் கடைசியில மழை கொஞ்சம் விட்ட நேரமா பார்த்துக் கவாத்து பண்ணினேன். உங்களை மாதிரி நுனியை மட்டும் கிள்ளிட்டு, "பாவம், பச்சையா இருக்கு"ன்னு விடலை. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதுக்கு மேல இருந்த எல்லாத்தையும் வெட்டினேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்குச் சொல்ற கணக்கு அது. மிச்சமிருந்த இலையையும் உருவிட்டு, வேரைச் சுத்திக் கொத்தி, மக்கின சாணி போட்டேன். எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு, "உங்க மாமியார் இருந்தா விடுவாங்களா?"ன்னாங்க. விட்டிருக்க மாட்டீங்க. ஆனா மல்லி புதுக்கிளையிலதான் பூக்கும். மாசியில கட்டை கட்டையா நின்னதெல்லாம் கிளை விட்டு, இப்போ பங்குனியில நாலு மணிக்குப் பறிக்க உட்கார்ந்தா இருட்டுற வரைக்கும் வேலை இருக்கு. ஊதா நிறம் ஏறின மொட்டை மட்டும் தனியா கிள்ளிப் போடுறேன், உள்ளே புழு இருக்கும்னு. அது நீங்க சொல்லிக் கொடுத்தது. இல்லை, சொல்லிக் கொடுக்கலை. நீங்க செய்யுறதை நான் சமையல்கட்டு ஜன்னல் வழியா பார்த்துக் கத்துக்கிட்டது.

வாசல் வேம்பு மழைக்கப்புறம் நுனியெல்லாம் கருகி நின்னப்போ, போயிடுச்சுன்னே நினைச்சேன். அது ஒரு பூஞ்சை நோய்தானாம். தமிழ்நாட்டுல பல ஊர்லயும் வேம்பு இப்படிக் கருகி, வெயில் ஏறுனா தானே துளிர்த்துக்குதாம். துளிர்த்துச்சு. செந்தளிர் பச்சையாகி, இப்போ தெருமுனை வரைக்கும் பூ வாசனை. உங்க பழைய வாயில் புடவையைக் கீழே விரிச்சுப் பூவைச் சேர்க்கிறேன். ஏப்ரல் 14 பச்சடிக்குப் போக மிச்சத்தைக் காயவெச்சு அனுப்புறேன், ரசத்துக்கு ஆகும். வர்தா புயல்ல முறிஞ்சு விழுந்த முருங்கையிலிருந்து நீங்க வெட்டி நட்டீங்களே ஒரு போத்து, அது மொட்டைமாடியைத் தொட்டுடுச்சு. துணிக்கொடியோட ஒரு முனையில தேன்சிட்டு கூடு கட்டியிருக்கு, அதனால பாதிக் கொடியிலதான் துணி காயுது. குயில் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. தூக்கம் போச்சுன்னு உங்க பிள்ளை திட்டுறார். எனக்கு அந்த நேரத்துல காபியை எடுத்துக்கிட்டுத் துவைக்கிற கல்லுல போய் உட்காரப் பிடிச்சிருக்கு.

ஆனா அங்கே போய் உட்கார்ந்தாலே 2019 ஜூன் வந்துடுது.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரி நாலும் வறண்டு கிடந்த வருஷம். நம்ம போர்வெல்ல காத்துதான் வந்துச்சு. லாரி நடுராத்திரியில வந்தது, நானும் அவரும் வரிசையில நின்னு குடம் குடமா தூக்கினோம். விடிஞ்சு பார்த்தா ஒரு குடம் காலி, மல்லி அடியில ஈரம். சின்னவனுக்கு அப்போ காய்ச்சல். நான் கத்தினேன். என்ன கத்தினேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இங்கே எழுதலை. நீங்க ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை.

மறுநாள் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டீங்க. துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள்ள உட்கார்ந்து குளிச்சிருக்கீங்க. ஈரப் புடவையைச் சுத்திக்கிட்டு, எழுந்திருக்க முடியாம. கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டேன். சோப்பு வாசனையே இல்லை, தண்ணியில பயத்தமாவு மிதந்துச்சு. "சோப்புத் தண்ணி செடிக்கு ஆகாது. இது என் பங்குத் தண்ணி, கொண்டுபோய் ஊத்து"ன்னீங்க. ஊத்தினேன். மழை வர்ற வரைக்கும் தினமும் அந்த பேசினைப் பிடிச்சு இழுத்தது நான்தான். என் இடுப்பு வலி அப்போ ஆரம்பிச்சதுதான், அதையும் சொல்லிடுறேன். நீங்க அப்படி உட்கார்ந்திருந்தது செடிக்காகவா, என்னைத் தலைகுனிய வைக்கவா? ரெண்டுக்கும்தான்னு தோணுது. அந்த வயசுல அந்த வைராக்கியம் யாருக்கு வரும்! அன்னைக்கு மனசுக்குள்ள உங்களைக் கும்பிட்டேன். அன்னைக்கே உங்களைப் பிடிக்காமலும் போச்சு.

மன்னிச்சுடுங்கன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களைக் கேட்காம முடிவெடுத்தது சரியில்லைதான். கேட்டிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க, உங்க பிள்ளை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருப்பார். ரோட்டை மேல மேல போட்டு நம்ம வாசல் பள்ளமாயிடுச்சு. ஒவ்வொரு மழைக்கும் ஹாலுக்குள்ள தண்ணி. 2015 வெள்ளத்துல மாமாவை நாற்காலியோட மாடிக்குத் தூக்கினோம், மறந்துடலையே? அங்கே பெங்களூருல மூணாவது மாடியில உட்கார்ந்துகிட்டு வீட்டை விடாதேன்னு சொல்றது சுலபம். (அண்ணி, இதைத் தாண்டிப் போயிடாதீங்க, முழுசா படிச்சுக் காட்டுங்க.)

இன்னொண்ணு. கல்யாணமாகி வந்த புதுசுல நான் ஒரு மொட்டைப் பறிச்சேன். "இன்னும் வெளுக்கவே இல்லை, அதுக்குள்ள அவசரமா?"ன்னீங்க. அப்புறம் நீங்க இங்கே இருந்த வரைக்கும் நான் அந்தச் செடியைத் தொடலை. நீங்க கிண்ணத்துல கொடுத்த பூவைத்தான் வெச்சுக்கிட்டேன். நீங்க போன பிறகுதான் இந்தக் கொல்லை எனக்குக் கிடைச்சது. காலையில மண்ணைக் கிளறுனா எனக்கு யாரோடயும் சண்டை இல்லை, அவரோடகூட. இவ்வளவு சந்தோஷத்தையும் இத்தனை வருஷம் நீங்க ஒருத்தராவே வெச்சுக்கிட்டிருந்தீங்க. அது என் கைக்கு வந்து முழுசா ருசி தெரியுற நேரத்துல, நானே கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்? நீங்க விட்டுட்டுப் போனவங்க. நஷ்டம் எனக்கு.

சரி, அது போகட்டும். ஆடிக்கப்புறம் இடிக்கிறாங்க. மல்லியில பதியன் போட்டிருக்கேன், வேர் பிடிக்க மூணு நாலு மாசம் ஆகும், அதுக்குள்ள பிரிச்சுடலாம். கறிவேப்பிலையில பக்கக்கன்று இருக்கு, வேரோட எடுத்து வைக்கப் பார்க்கிறேன். முருங்கைக்கு ஒரு போத்து வெட்டினா போதும், நடத்தான் இடம் இல்லை. வேம்பைப் பத்திக் கேட்காதீங்க. கட்டடத்துக்கு அடியில கார் நிறுத்துற ஸ்டில்ட் பார்க்கிங் சரியா அங்கேதான் வருது.

பெங்களூரு வீட்டு பால்கனி எந்தப் பக்கம் பார்த்திருக்கு? அரை நாளாவது நேர் வெயில் விழுந்தா சொல்லுங்க, ரெண்டு பதியனை உங்களுக்கு அனுப்புறேன். நிழலா இருந்தா அனுப்பிப் பிரயோஜனம் இல்லை, மல்லி இலையை மட்டும் காட்டிக்கிட்டு நிக்கும். அனுப்பினா நவம்பர்ல நான் வெட்டின மாதிரியே வெட்டணும், பாவம் பார்க்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லி அனுப்ப வேண்டாம், நீங்களே எனக்கு ஃபோன் பண்ணுங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல மட்டும் வேண்டாம், பூ பறிச்சுக்கிட்டு இருப்பேன்.

இப்படிக்கு,
உங்க மருமகள்