ஃபாக் லைட் பழுதைத் தவறாகக் கணித்து வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் காரின் ஃபாக் லைட் (மூடுபனியில் சாலை தெரிவதற்காக பம்பரில் இருக்கும் விளக்கு) பழுது பற்றி உங்கள் கோவை சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்தேன். கட்டணமில்லா எண்ணில் சொன்னேன். மின்னஞ்சலும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒரு புகார் எண் தருகிறார்கள், சில நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அலைந்து ஓய்ந்துபோய்த்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

வண்டி 2012 மாடல், டீசல், டாப் வேரியண்ட். ஃபாக் லைட் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. வாங்கிய நாளிலிருந்து உங்களைத் தவிர வேறு யாரிடமும் சர்வீஸுக்கு விட்டதில்லை. பழுது இதுதான்: ஸ்விட்சைத் திருகினால் டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும், ஃபியூஸ் பாக்ஸில் ரிலே (ஸ்விட்சைப் போட்டதும் விளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் பாகம்) 'டிக்' என்று அடிக்கும், ஆனால் கீழே இரண்டு விளக்கும் மங்கலாகத்தான் எரியும். மழை பெய்தால் அதுவும் இல்லை. இதை அப்படியே ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு விடும்போது வேலையை எழுதும் சீட்டு) எழுதச் சொன்னேன். "ஃபாக் லைட் செக்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

முதலில் பல்பை மாற்றினார்கள். பிறகு ரிலே. பிறகு ஸ்டியரிங் அடியில் இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்ச். எதற்கும் சரியாகவில்லை, எல்லாவற்றுக்கும் பில் போட்டார்கள். நீங்கள் தயாரித்த வண்டி, உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிலே அடிக்கிறது என்றால் ஸ்விட்ச் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் ஸ்விட்சை மாற்றினீர்கள்? இரண்டு பல்பும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி மங்கினால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

இதை நான் கேட்டபோதுதான் உங்கள் சர்வீஸ் அட்வைசர் அந்த வார்த்தையைச் சொன்னார். "இவ்வளவு பழைய வண்டிக்கு ஃபாக் லைட் எதுக்கு சார்? மலையில இருக்கறவங்க வெளிச்சம் இருக்கும்போதே வந்துட்டுப் போயிருங்க." பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்தும் அந்த ஆள் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெயரை எழுதவில்லை. ஜாப் கார்டில் கையெழுத்து இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது கோத்தகிரி. இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பகல் மூன்று மணிக்கே மேகம் சாலையில் இறங்கிவிடும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் முழுவதும் மூடுபனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்வாக, அகலமாகத் தரையில் விழும் ஃபாக் லைட் இருந்தால்தான் வெள்ளைக் கோடும் சாலை ஓரமும் தெரியும். எங்களுக்கு அது அலங்காரம் இல்லை.

அதைவிடக் கொடுமை, ஸ்விட்ச் வந்துவிட்டது என்று போன் செய்து வரச் சொன்ன நாள். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. டிசம்பர் மாதம், விடியும் முன்பே அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அன்று அவருக்குக் கோவையில் கண் மருத்துவரைப் பார்க்கவும் வேண்டியிருந்தது. சாயங்காலம் வரை வண்டியை வைத்திருந்துவிட்டு, வந்திருப்பது ஃபாக் லைட் இல்லாத வேரியண்டுக்கான ஸ்விட்ச் என்றார்கள். உங்கள் பார்ட் நம்பரை உங்கள் ஆட்களே பார்க்க மாட்டார்களா? சேஸிஸ் நம்பர் கையில் இருக்கிறதே! பம்பரை அவசரமாக மாட்டி அனுப்பிவிட்டார்கள். திரும்பி மலையேறும்போது குஞ்சப்பனை தாண்டியதும் மூடுபனி. அரவேனு அருகே சாலை நடுவில் காட்டெருமை நின்றிருந்தது. கறுப்பு உடம்பு, கறுப்புச் சாலை, சுற்றிலும் வெள்ளைப் புகை. பம்பருக்கு ஒரு முழம் முன்னால்தான் தெரிந்தது. அன்று எங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பீர்கள்?

இத்தனைக்குப் பிறகு சரியான ஸ்விட்ச் வந்து, மாட்டி, அதுவும் பலிக்காமல், முன்பக்க வயரிங் கிட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று 26,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். பல்பைக் கழற்றி, அது சொருகும் கப்ளரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டத்தான் செய்யும், கரண்ட் ஓடாதபோது பழுது தெரியாது என்றார். உங்கள் ஆட்கள் அப்படித்தான் பார்த்தார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் பல்பை எரியவிட்டபடியே, பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் பின்னுக்கும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி) நடுவே மீட்டரை வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஐந்து வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், துருப்பிடித்த எர்த் அதை எப்படித் தாங்கும்? பம்பருக்குப் பின்னால் இரண்டு விளக்குக்கும் பொதுவான எர்த் போல்ட், துருவேறிக் கிடந்தது. அதைக் கழற்றி, இடத்தைத் தேய்த்து, புது போல்ட்டும் லக்கும் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) போட்டு முறுக்கினார். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. வாங்கியது 300 ரூபாய்.

சொல்ல விட்டுவிட்டேன், கழற்றிக் கழற்றி மாட்டியதில் பம்பரின் இடப்பக்கக் கிளிப்புகளையும் உடைத்துவிட்டார்கள். இப்போது குழியில் இறங்கினால் பம்பர் ஆடுகிறது. கேட்டால், "முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும்" என்கிறார்கள்.

தேவையில்லாத பாகங்களுக்கும் கூலிக்கும் நான் கட்டியது 7,840 ரூபாய். டீசல், வேலை கெட்ட நாட்கள், அம்மா பட்ட பாடு எல்லாம் சேர்த்தால் இந்த வண்டியையே இன்னொரு முறை வாங்கியிருக்கலாம். இந்த ஒரு விளக்கால் எங்கள் வருஷமே பாழாய்ப்போனது. ஆனாலும் நான் கேட்பது நியாயமானது மட்டும்தான்: அந்த 7,840 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், கிளிப்புகளை உங்கள் செலவில் மாற்றுங்கள், ஏன் எர்த்தைச் சோதிக்கவில்லை என்று எழுத்தில் விளக்கம் கொடுங்கள். அந்த அட்வைசர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாளுக்குள் நல்ல பதில் தருவீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை ஆண்டு உங்களை நம்பியவன், சண்டை போட எனக்கு ஆசையில்லை. பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், அதோடு நிறுத்த மாட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் ஆணையத்தில் அம்மாவும் நேரில் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார்.

பில் நகல்கள், எஸ்டிமேட், துருப்பிடித்த போல்ட்டின் புகைப்படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். கழற்றிய போல்ட்டும் பழைய ஸ்விட்சும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த முறை உங்கள் ஆள் கோத்தகிரிக்கு வரட்டும்.

இப்படிக்கு,
2012 முதல் உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.