கன்றை உறுமிக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மாதக் கடைசியில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் தங்கள் ஊழியர்கள் பிடித்து ஏற்றிச் சென்ற காளைக்கன்று தொடர்பாக இதை எழுதுகிறேன். நடந்தது என்ன என்பது தங்களுக்குத் தெரியும். குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுத்தோம், அலுவலகத்தில் நேரிலும் சொன்னோம். மார்கழியும் பிறந்துவிட்டது, பதில் வரவில்லை. ஆகவே ஊரறியக் கேட்கிறேன். கேட்பது ஒன்றுதான்: அந்தக் கன்றை, அதை வளர்த்த, உறுமி மேளம் வாசித்து வரும் பூம்பூம் மாட்டுக்காரப் பெரியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

தெருவில் திரியும் மாடுகளைப் பிடிப்பதை நான் எதிர்க்கவில்லை. இரவில் சாலை நடுவே படுத்திருக்கும் மாட்டின் மீது மோதி விழுந்தவர்களை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அன்று பிடிபட்ட கன்றின் முதுகில் பழஞ்சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை கிடந்தது. கழுத்தில் சோழி கோத்த பட்டையும் இரண்டு சலங்கையும் இருந்தன. கழுத்துக்கயிற்றின் மறுமுனை ஒரு மனிதரின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கித்தான் கன்றை வண்டியில் ஏற்றினார்கள். ஒருவர் கையில் பிடித்து நடத்திவந்த கன்றைத் திரியும் மாடு என்று எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள் என்பதை இன்றுவரை எங்களுக்குக் காட்டவில்லை. அபராத ரசீதும் தரவில்லை, வழக்கும் பதியவில்லை. வழக்கு என்று ஒன்று இருந்திருந்தால், நீதித்துறை நடுவர் முன்னால் போய்க் கன்றை இடைக்காலமாக ஒப்படைக்குமாறு கேட்டிருப்போம். அந்த வழியும் அடைக்கப்பட்டிருக்கிறது.

உரிமைக்கு ஆதாரம் எங்கே என்று தங்கள் அலுவலர்கள் கேட்கிறார்கள். அந்தக் கன்று வைகாசியில் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் பிறந்தது. தாய் உம்பளச்சேரிப் பசு. சேற்று உழவுக்கென்றே பேர்போன அந்த இனத்தின் காளைக்கு ஒரு காலத்தில் இந்த டெல்டா முழுவதும் போட்டி இருந்தது. உழவுக்கு டிராக்டரும் சினைக்கு ஊசியும் வந்த பிறகு, காளைக்கன்று பிறந்தால் தரகர்தான் முதலில் வந்து விசாரிக்கிறார். அவர் எங்கே கொண்டு போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கன்று செம்பழுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு பிறந்தது. அதைப் பார்த்த என் அம்மா, நாமம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, இது பெருமாள் கன்று, இதை விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பெரியவரின் கிழமாடு அதற்கு முந்தைய மழையில் செத்துப்போயிருந்தது. அதைக் குடும்பத்தில் ஒருவர் போன துக்கத்தோடு புதைத்துவிட்டு, தனியாக உறுமியை மட்டும் சுமந்து அலைந்துகொண்டிருந்தவரிடம், பால்குடி மறந்ததும் கன்றைக் கொடுப்பதென்று முடிவு செய்து, ஆவணியில் கொடுத்தோம். பணம் வாங்கவில்லை, அதனால் ரசீதும் இல்லை. கொடுத்தவன் நான் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தேன். அதையும் ஏற்கவில்லை.

ஏற்காததற்குச் சொன்ன காரணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரியவரின் மகனுடைய கைப்பேசியில் புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் எடுத்த படம் இருக்கிறது. அதில் கன்று செம்பழுப்பு நிறம். தாங்கள் அடைத்துவைத்திருக்கும் கோசாலையில் நிற்கும் கன்றோ சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ஆகவே இது வேறு கன்று, போய் வாருங்கள் என்று பெரியவரை அனுப்பிவிட்டார்கள். ஐயா, உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது சிவந்திருக்கும். ஆறு மாத அளவில் அந்த நிறம் உதிர்ந்து சாம்பலுக்கு மாறும். நெற்றிச் சுட்டி மட்டும் வெள்ளையாகவே நிற்கும். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் மாடு வளர்த்த எவரையும், கால்நடை மருத்துவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். கன்று நிறம் மாறும் பருவத்தில் அதைப் பிடித்து அடைத்துவைத்துவிட்டு, நிறம் மாறிவிட்டது, உன்னுடையது இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? ஒவ்வொரு நாளும் தாமதிக்கத் தாமதிக்க அந்தப் படத்துக்கும் கன்றுக்கும் உள்ள ஒற்றுமை குறைந்துகொண்டே போகிறது. தாமதம் தங்களுடையது, அதன் தண்டனை அவருக்கு.

இதற்கிடையே கன்றின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லையை அடித்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு நேராக உரிமையாளர் என்று பெரியவரின் பெயர் எழுதப்படவில்லை.

அவருக்கும் அந்தக் கன்றுக்கும் உள்ள உறவை நான் தொழுவத்தில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கன்று பிறந்த சில நாட்களிலேயே உறுமியோடு வந்தார். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்த்ததும் எழுந்த அந்த அடிவயிற்று முனகலைக் கேட்டு, கன்று தாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவர் உடனே நிறுத்திவிட்டார். உறுமியை வைக்கோல் மேல் கிடத்திவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். கன்று மெல்ல வந்து தோலை முகர்ந்து, நக்கிப் பார்த்து, தும்மிய பிறகுதான் மறுபடியும் கையில் எடுத்தார். அடுத்தடுத்த வரவுகளில் வாசிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஆவணியில் கூட்டிப்போன பின், தாளம் முடியும் இடத்தில் கயிற்றை லேசாக இழுப்பார், கன்று தலையை அசைக்கும், உள்ளங்கையில் இருக்கும் வெல்லத்தை நீட்டுவார். புரட்டாசிக்குள் கயிறு தளர்ந்தே கிடந்தது. குரல் இறங்கும் இடம் பார்த்துக் கன்று தானாகத் தலையசைத்தது. தார்க்குச்சியை அவர் கையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. வேறு யாராவது மேளம் தட்டினால் கன்று திரும்பிக்கூடப் பார்க்காது. அவருடைய உறுமி தெருமுனையில் கேட்டாலே காதை அந்தப் பக்கம் திருப்பும்.

தலையசைப்பில் எதிர்காலம் தெரியும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் மகளுக்கு வரன் அமையுமா என்று கன்றிடம் கேட்டுவிட்டு, அது தலையை அசைத்ததும் முகம் மலர்ந்து முறத்தில் அரிசி கொண்டுவந்து போட்ட பெண்களை எங்கள் தெருவில் பார்த்தேன். அவர்களுக்கு அது நாமம் தரித்து வந்த தெய்வப்பிறவி. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் சங்கராந்திக்கு வாசலில் வந்து நிற்கும் கங்கிரெத்து என்னும் அலங்கரித்த மாடுகளை இப்படித்தான் வணங்குகிறார்கள். அந்த வணக்கம் கன்றுக்குரியது என்பது பெரியவருக்கும் தெரியும். தனியாக உறுமியோடு போனால் யாரும் கதவைத் திறப்பதில்லை, மாடு எங்கே என்றுதான் கேட்கிறார்கள். மார்கழி விடியலும் தை மாதமும்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு தடையில்லாமல் எரியும் காலம். அந்தக் காலம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. கன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று மறுபடியும் கேட்கிறேன்.

அலுவலகத்தில் ஒருவர், காளையைப் பழக்கி வித்தை காட்டுவதே சட்டப்படி குற்றம் என்றார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், காட்சிக்காகப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011இல் காளையும் சேர்க்கப்பட்டது உண்மைதான். அந்தச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுத்திருந்தால் அதற்குரிய வழக்கும் ஆவணமும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் வாய்வார்த்தையாகச் சட்டத்தைச் சொல்லிக் கன்றை வைத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பட்டியலால் 2014இல் ஜல்லிக்கட்டு தடைப்பட்டபோது இந்த மாநிலமே கொதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள், சட்டமன்றம் கூடித் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவை அந்தத் திருத்தத்துக்குள் வந்தன. வாசலில் நின்று தலையசைக்கும் மாடு அதில் இல்லை. அதற்காகக் கடற்கரையில் உட்கார ஆள் இல்லை. திமிலைப் பிடித்துத் தொங்குவதற்கு இடம் கண்ட நம் சட்டத்தில், உறுமி கேட்டுத் தலையசைக்கும் ஒரு கன்றுக்கு இடம் இல்லாமல் போனது எனக்குப் பெரும் வருத்தம். அதை அரசுக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

அடையாளச் சான்றும் இருப்பிடச் சான்றும் கேட்டீர்கள். பூம்பூம் மாட்டுக்காரர்கள் தங்களை ஆதியன் என்கிறார்கள். அந்தப் பெயர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் முதல் பெயராக இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக மாட்டோடு ஊர் ஊராகப் போனவர்களிடம், நீ ஆதியன் என்பதற்கு என்ன ஆதாரம், தாத்தா எந்த ஊரில் நிலையாக இருந்தார் என்று கேட்டே சாதிச் சான்றிதழை மறுக்கிறார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்கள் அந்தப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவர்களுக்கோ பட்டியலில் பெயர் இருந்தும் கையில் காகிதம் இல்லை. பெரியவரின் பேத்தி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அந்தக் காகிதத்துக்காக அலைந்துகொண்டிருக்கிறாள். மாடு மேய்த்துப் பிச்சை எடுக்காமல் படித்து வேலைக்குப் போகலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் பெரியவரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். படித்த பெண்ணுக்குச் சான்றிதழ் தராத அரசாங்கத்தின் மேசையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது?

சான்றிதழ் வருவாய்த் துறையின் பொறுப்பு, நகராட்சியுடையது இல்லை என்பதை அறிவேன். கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதை மட்டும் கேட்கிறேன்.

கால்நடை மருத்துவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, பெரியவரை உறுமியோடு கோசாலைக்குள் ஒரு முறை அனுமதியுங்கள். இப்போது அவரை வாயிலிலேயே நிறுத்துகிறார்கள். வெளியே நின்று உறுமியைத் தொட்டாலும் சத்தம் போடாதே என்று விரட்டுகிறார்கள். உள்ளே எத்தனை கன்றுகள் நின்றாலும் பரவாயில்லை, அவர் எதையும் சுட்டிக்காட்டவும் வேண்டாம். வாசிக்கட்டும். எந்தக் கன்று வருகிறது என்பதைத் தாங்களே பாருங்கள். நெற்றிச் சுட்டியையும் நிறமாற்றத்தையும் மருத்துவர் சொல்லட்டும். தாய்ப்பசு இன்னும் எங்கள் தொழுவத்தில்தான் நிற்கிறது. மரபணுச் சோதனை வேண்டுமென்றாலும் இரத்தம் எடுக்கச் சம்மதிக்கிறேன், செலவையும் ஏற்கிறேன்.

அதற்குப் பிறகு, காதுவில்லை எண்ணைப் பெரியவரின் பெயருக்கு மாற்றி, எழுத்துப்பூர்வமான ஆணையோடு கன்றைத் திருப்பிக் கொடுங்கள். கன்றைப் போக்குவரத்துச் சாலையில் நடத்திச் செல்லக் கூடாது என்றால் அதையும் ஆணையில் எழுதுங்கள். அவர் கட்டுப்படுவார், நான் பிணை நிற்கிறேன். கொடுக்க முடியாது என்பதுதான் முடிவு என்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுதித் தாருங்கள், நீதிமன்றத்துக்குப் போகிறோம். மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் இவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கன்றைக் கொடுத்த வீட்டைச் சேர்ந்தவன்