அம்மா அள்ளிய பாசியும் நான் விட்ட கேஸும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஓசோன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு வரி வரும்வரை. கடற்பாசியும் புரோமோஃபார்ம் என்ற ஓசோனைத் தின்னும் வாயுவை விடுகிறதாம்; அதனால் மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டாம். பக்கத்திலேயே பாம்பன் கரையில் பாசி மூட்டையோடு குனிந்து நிற்கும் பெண்ணின் படம். அவர் என் சித்தி.

என் அம்மாவும் பாசிக்குப் போனவர்தான். விரல்களில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளுவார்கள். மாலையில் துணியை அவிழ்த்தால் விரல் ஊறி வெளுத்து, குறுக்கும் நெடுக்கும் கீறலாக இருக்கும். மீன்குழம்பின் காரம் எரியும் என்று அம்மா சோற்றைக் கரண்டியால்தான் பிசைந்து சாப்பிடுவார். ஓசோனை அழித்தவர்களின் கை அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஓசோனுக்கு உண்மையிலேயே கெடுதல் செய்தவன் வேண்டுமென்றால் என் படத்தைப் போட்டிருக்கலாம். 1988 முதல் நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அப்போதெல்லாம் ஃபிரிட்ஜைக் குளிர்விக்க சி.எஃப்.சி. வகையைச் சேர்ந்த ஆர்-12 கேஸ்தான். கம்ப்ரசரைக் கழற்றும் முன் குழாயை வெட்டுவோம், புஸ்ஸென்று போய்விடும். எங்கள் உப்புக் காற்றில் ஃபிரிட்ஜின் காயில் குழாயில் சீக்கிரமே ஓட்டை விழும். பற்றவைத்து கேஸ் ஏற்றுவேன், மறுபடி ஓட்டை, மறுபடி கேஸ். இப்படி எத்தனை கிலோ விட்டேன் என்று கணக்கில்லை.

அந்த கேஸில் கார்பனும் குளோரினும் ஃபுளோரினும்தான், ஹைட்ரஜன் கிடையாது. கீழ்க்காற்றைக் கழுவிச் சுத்தம் செய்கிற ஹைட்ராக்சில் என்ற துணுக்கு, இந்த மாதிரி வாயுக்களில் ஹைட்ரஜனைப் பிடுங்கித்தான் வேலையை ஆரம்பிக்கும். பிடுங்க ஒன்றுமில்லாததை என்ன செய்யும்? மழையும் கரைக்காது. ஏறி ஏறி ஓசோன் இருக்கும் உயரத்துக்கே போய், கடும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் குளோரின் கழலும். கழன்ற ஒரு குளோரின் ஆயிரக்கணக்கான ஓசோனைக் குலைத்துவிட்டுத்தான் ஓயும். மோலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974லேயே இதைச் சொல்லி, 1995ல் நோபல் பரிசும் வாங்கியது நீங்கள் அறியாததல்ல. ஆர்-12இன் ஆயுள் ஏறத்தாழ 100 வருஷம். நான் தொழில் பழகிய நாளில் விட்டதில் பாதிக்கு மேல் இன்னும் தலைக்கு மேலேதான் சுற்றுகிறது.

பாசி விடும் புரோமோஃபார்ம் சாதாரண வெயிலிலேயே உடையும். சுமார் மூன்று வாரம்தான் அதன் ஆயுள். பிரியும் புரோமின் பெரும்பாலும் அமிலமாகி மழையோடு கடலுக்கே திரும்பிவிடும். நம் பக்கத்துப் பெரிய மழைமேகங்கள் கொஞ்சத்தை மேலே தூக்கிப் போகும்; அங்கே புரோமின் குளோரினைவிட 60 மடங்கு பொல்லாதது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் பாசி இதைக் கடலில் இருந்தாலும் விடும், கரையில் காய்ந்தாலும் விடும். கடல் இதைச் செய்வது இன்று நேற்றா? ஓசோன் அடுக்கோடு கோடிக்கணக்கான வருஷம் குடித்தனம் நடத்திய கடல் அது.

உங்களுக்கு எங்கள் மாவட்டம் என்றாலே தண்ணியில்லாக் காடு. ஒவ்வொரு டிசம்பரிலும் 1964 புயலும் தனுஷ்கோடியில் இடிந்த சர்ச்சும் தவறாமல் வரும். காய்ந்த பாசி கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பது ஒருநாளும் வராது. தெப்பத்தில் பாசி வளர்க்கும் தொழில் வந்தபோது எங்கள் பெண்களைத் தொழில்முனைவோர் என்று முதல் பக்கத்தில் போட்டதும் நீங்கள்தான். 2008ல் நாட்டில் சி.எஃப்.சி. தயாரிப்பை நிறுத்தியபோது, கடையில் கிடக்கும் பழைய சிலிண்டரை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு எழுதினேன். போடவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. அந்த வாரம் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு அரைப் பக்கம் தேவைப்பட்டது.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் நாலு வரித் திருத்தம். அப்புறம், படத்தின் கீழே கஞ்சிப்பாசி என்று போட்டிருக்கிறீர்கள். மூட்டை வாயில் பிதுங்கித் தெரிவது மரிக்கொழுந்து. அதையும் மாற்றிவிடுங்கள்.

சித்திக்குப் படிக்கத் தெரியாது. பேப்பரில் படம் வந்துவிட்டதென்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு என்னிடம் வந்து, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அந்தப் படத்தின் பிரதி ஒன்று, எழுத்து எதுவும் இல்லாமல், கிடைக்குமா? தபால் செலவை அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர்,
பாம்பன்.