எஸ்டிகே எண்கள் மாறுகின்றன, நிரலைத் தொடும் முன் படிக்கவும்

நண்பர்களே, இன்று மாலை நம் ஆண்ட்ராய்டு செயலியின் கிரேடில் கோப்பை (செயலியை உருவாக்கும் அமைப்புகள் உள்ள கோப்பு) மாற்றுகிறேன். அதிலுள்ள எஸ்டிகே எண்கள் ஆண்ட்ராய்டு பதிப்புகளைக் குறிப்பவை. மின்எஸ்டிகே (minSdk, செயலி ஓடக்கூடிய மிகப் பழைய பதிப்பு) 24 ஆகவே இருக்கும், அதாவது ஆண்ட்ராய்டு 7. ஆண்ட்ராய்டு 7 போன் வைத்திருப்பவர்களைக் கைவிட எனக்கு மனமில்லை. கம்பைல் (நிரலைத் தொகுக்கப் பயன்படும் பதிப்பு), டார்கெட் (செயலி எந்தப் பதிப்பின் விதிகளுக்கு ஏற்ப நடக்கும் என்று சொல்லும் எண்) இரண்டும் 35, அதாவது ஆண்ட்ராய்டு 15. பிளே ஸ்டோர் 2025 ஆகஸ்ட் 31 முதல் அப்டேட்டுகளுக்குக் குறைந்தது டார்கெட் 35 கேட்கிறது.

கம்பைல் எண்ணை மட்டும் ஏற்றினால் போனில் செயலி நடந்துகொள்ளும் விதம் மாறாது. டார்கெட்தான் மாற்றும்: ஆண்ட்ராய்டு 15இல் திரை விளிம்புவரை விரியும், நம் ‘சேமி’ பட்டன் நேவிகேஷன் பட்டைக்கு அடியில் போய்விடும். அதற்கு இன்செட் (பட்டைக்கு விடும் இடைவெளி) சேர்த்துவிட்டேன்.

நோட்டிஃபிகேஷன் சேனல் (அறிவிப்புகளை வகைபிரிக்கும் வசதி) எஸ்டிகே 26இல்தான், அதாவது ஆண்ட்ராய்டு 8இல், வந்தது. அதை அழைக்கும் இடத்தில் பதிப்பைச் சோதிக்காவிட்டால் பழைய போனில் செயலி கிராஷ் ஆகும். இதைச் சுட்டிக்காட்டும் லின்ட் (நிரலில் பிழை தேடும் கருவி) எச்சரிக்கையைத் தயவுசெய்து அடக்கிவைக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு 7, 8 போன் கையில் இருப்பவர்கள் ஓட்டிப் பார்த்து இங்கேயே சொல்லுங்கள்.