அந்த ஒற்றை மறுப்பைக் கேளுங்கள்

உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழு உறுப்பினர்களுக்கு, நீங்கள் எந்த நாட்டவராக இருந்தாலும்,

வணக்கம். உளவுத்துறையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆபத்தை முன்னரே மோப்பம் பிடிக்க ஓர் அரசுக்கு ஆட்கள் வேண்டும். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதும் சரிதான். ஆனால் அந்த வேலையின் உயிர், ஆட்சியாளருக்குப் பிடிக்காத உண்மையை அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்தான் இருக்கிறது.

2002 அக்டோபரில் ஈராக் பற்றி அமெரிக்க உளவு அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பீடு தயாரித்தன. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டத்தான் என்றார்கள் பெரும்பாலோர். அந்தத் தொழில்நுட்பத்தை நன்கு அறிந்த எரிசக்தித் துறை நிபுணர்கள், குழாய்கள் அதற்குத் தோதானவை அல்ல என்றார்கள். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் ஒத்துக்கொள்ளவில்லை. ரகசிய அறிக்கையில் இந்த மறுப்புகள் இருந்தன. மக்களுக்கு வெளியிட்ட சுருக்கத்திலோ, சிலர் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்ற அளவுக்குத் தேய்ந்துபோயின. 2003 மார்ச்சில் போர் தொடங்கியது. அப்புறம் சல்லடை போட்டுத் தேடியும் அணு ஆயுதத் திட்டம் எதுவும் அகப்படவில்லை. குழாய்கள் ராக்கெட்டுக்கு வாங்கப் பார்த்தவை. அந்தச் சுருக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கிழக்கு ஜெர்மனியின் உளவு அமைப்பான ஸ்டாசியிடம் 1989இல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். துப்புக் கொடுத்தவர்கள் அதைவிட அதிகம். விசாரிக்கப்பட்டவர் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு துணியை வைத்து, அவர் உடல் வாடை ஏறியதும் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக்கி மூடினார்கள், பிறகு நாயை விட்டு ஆளைப் பிடிக்க. ஜனங்களின் மனக்குறையும் அவர்கள் அறிக்கைகளில் பதிவாகியிருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்க மேலே ஆள் இல்லை. ஜாடிகள் மிஞ்சின, அரசு மிஞ்சவில்லை.

சொந்த மக்களின் கடிதங்களை அமெரிக்க உளவு அமைப்புகளே பிரித்துப் படித்ததை 1975இல் தொடங்கிய செனட் விசாரணை அம்பலப்படுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டுதான் அங்கே நிரந்தரக் கண்காணிப்புக் குழு பிறந்தது. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

அடுத்த மூடிய அறைக் கூட்டத்தில் சுருக்கத்தோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இதில் யார் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேளுங்கள். அந்த அதிகாரியை, அவருடைய மேலதிகாரி இல்லாத நேரத்தில் கூப்பிட்டுப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு குடிமகன்