அரீதாவின் புத்தகத்தில் ஏமாந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாசக நண்பர்களுக்கு,

அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் தன்வரலாறு, 'ஃபிரம் தீஸ் ரூட்ஸ்', 1999இல் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு உங்களில் பலர் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான்: இந்த அம்மா எதையுமே சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் பெற்ற முதல் குழந்தைக்குத் தகப்பன் யார் என்று இல்லை. முதல் கணவர் டெட் வைட் அடித்தார் என்று ஊரே பேசியதற்கு விவரமான பதில் இல்லை. அம்மா வீட்டை விட்டுப் போனதைப் பற்றிக் கேட்டால், அம்மா எங்களை விட்டுப் போகவே இல்லை என்கிறார். மற்றபடி சாப்பாடு, உடைகள், விருந்துகள், தோழிகள். ஆன்மாவையே பிழிந்து பாடிய ஒருவர் புத்தகத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டாரே என்ற வருத்தம் உங்களுக்கு.

அந்த வருத்தத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், இந்தப் புத்தகத்தை நாம் பாதியில் நுழைந்து கேட்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். இது ஒரு பதில். கேள்வி முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டது.

1968 ஜூன் 28ஆம் தேதியிட்ட டைம் என்ற அமெரிக்க வார இதழின் அட்டையில் அரீதா இருந்தார். அப்போது அவருக்கு வயது 26. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் குரல் அமெரிக்கா முழுக்க ஒலிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு கறுப்பினப் பெண் பாடகிக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் உள்ளே இருந்தது என்ன? கணவர் அவரை அட்லாண்டாவில் ஒரு ஹோட்டலில் பலர் பார்க்க முரட்டுத்தனமாக நடத்தினார் என்ற செய்தி. அவருக்கு ஆறு வயதில் தாய் குடும்பத்தைக் கைவிட்டுப் போனார், நான்கு ஆண்டுகளில் இறந்தும் போனார், அந்த அதிர்ச்சிகள் அவரை வடுப்படுத்திவிட்டன என்ற தீர்ப்பு. சிறு வயதிலிருந்து அவரைத் தெரிந்த தேவாலயப் பாடகி மஹேலியா ஜாக்சனே, அவள் சந்தோஷமாக இருப்பதாகத் தெரியவில்லை என்ற பொருளில் சொன்ன வார்த்தைகள். மொத்தத்தில், இவள் துக்கத்திலிருந்து பாடுகிறாள், துக்கம்தான் இவளுடைய சரக்கு என்று ஒரு சித்திரம் நாடு முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு பேட்டி என்றாலே அவர் ஒதுங்கினார். கொடுத்தாலும் அளந்து பேசினார்.

இப்போது அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அம்மா பார்பராவைப் பற்றி அவர் சொல்வது மழுப்பலாகத் தெரியாது. 1948இல் பார்பரா டெட்ராய்ட் வீட்டிலிருந்து பஃபலோ நகரத்துக்குப் போனார். குழந்தைகள் விடுமுறைக்கு அங்கே போய்த் தங்கினார்கள், அம்மாவும் வந்து போனார். 1952 மார்ச்சில், அரீதாவுக்குப் பத்து வயது நிறைய இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது, அம்மா இறந்தார். செத்துப்போன தன் தாயை ஒரு பெரிய பத்திரிகை ஓடிப்போனவள் என்று எழுதியதை ஒரு மகள் மறுக்கிறாள். முப்பத்தொரு ஆண்டுகள் காத்திருந்து மறுக்கிறாள். அவர் குரலை அங்கே கொஞ்சம் உயர்த்துகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

சாப்பாடும் உடையும் விருந்தும் அப்படித்தான். டெட்ராய்டில் ஆர்கேடியா அரங்கில் ஸ்கேட்டிங் போனதை அவர் ஆசை ஆசையாகச் சொல்கிறார். பாடகர் சாம் குக் மீது தனக்கிருந்த பித்தையும், அவருடைய கசங்கிய கென்ட் சிகரெட் பெட்டியை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்ததையும் சொல்கிறார். உங்களில் சிலருக்கு இது வெட்டிப்பேச்சாகத் தோன்றியது. எனக்கோ புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. அந்தச் சிகரெட் பெட்டியை வைத்திருந்த பெண் வடுப்பட்டு மூலையில் உட்கார்ந்திருந்தவள் இல்லை. கொண்டாட்டமும் காதலும் பொறாமையும் வாய்ச்சவடாலும் உள்ள ஒரு டெட்ராய்ட் பெண். என்னை வெறும் துக்கமாக எழுதினீர்களே, நான் சிரித்ததையும் எழுதுங்கள் என்று அவர் கேட்கிறார்.

அடுத்தது அந்தத் தகப்பன் பெயர். இதில்தான் எனக்கு உங்கள் மீது உண்மையான கோபம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரீதா பிறந்தது 1942 மார்ச் 25. முதல் மகன் பிறந்தது 1955 ஜனவரி. இரண்டாவது மகன் பிறந்தபோது அவருக்குப் பதினான்கு. இது ஒரு குழந்தைக்கு நடந்தது. அதைப் பற்றிப் பேசும் கடமை, எந்த வயதிலானாலும், அந்தக் குழந்தைக்குக் கிடையாது. அவர் விரும்பினால் பேசலாம், ஒரு புனைபெயரைப் போட்டுக் கடந்து போகலாம், புத்தகத்தையே எழுதாமல் இருந்திருக்கலாம். புத்தகம் வாங்கியதால் அந்தப் பெயரைக் கேட்கும் உரிமை நமக்கு வந்துவிட்டதா?

டார்லீன் கிளார்க் ஹைன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். தெற்கு மாநிலங்களிலிருந்து மிச்சிகன், ஒஹாயோ, இல்லினாய் பக்கம் குடிபெயர்ந்த கறுப்பினப் பெண்களைப் பற்றியது. பாலியல் வன்முறையும் அதன் அச்சுறுத்தலும் அவர்கள் ஊரை விட்டு வந்ததற்கு ஒரு காரணம் என்றார். இந்தப் பெண்கள் வெளியே மனம் திறந்து பேசுவதுபோலவே இருப்பார்கள், ஆனால் உள்வாழ்க்கையை யார் கைக்கும் எட்டாமல் வைத்துக்கொள்வார்கள் என்றும், தங்களைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு அது ஒரு வழியாக இருந்தது என்றும் விளக்கினார். அரீதாவின் குடும்பம் அதே பாதையில் வந்த குடும்பம். அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் மிசிசிப்பியில் பிறந்தவர், மெம்ஃபிஸ், பஃபலோ வழியாக டெட்ராய்டுக்கு வந்து நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் ஆனவர். பிரசங்கங்களே இசைத்தட்டாக விற்ற புகழ்பெற்ற மனிதர். அப்படிப்பட்ட வீட்டின் மகள், ஊர்க்கண் முழுக்கத் தன் மேல் இருக்க, சின்ன வயதிலேயே எதை மறைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

எல்லாவற்றையும் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். பாடகி டீனா டர்னர் 1981இல் ஒரு பத்திரிகையிடம் முன்னாள் கணவர் ஐக் டர்னர் செய்த கொடுமைகளைச் சொன்னார். 1986இல் புத்தகமாகவும் சொன்னார். ஒருமுறை சொல்லி முடித்துவிட்டால் கேள்விகள் நிற்கும் என்று நம்பினார். நிற்கவில்லை. 1993இல் அது திரைப்படமானது, அதன் பிறகும் பேட்டிக்குப் பேட்டி அதே கேள்வி. 2021இல் வந்த ஆவணப்படத்தில் அந்தக் களைப்பைப் பார்க்கலாம். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 1956ஆம் ஆண்டு தன்வரலாறு எதையும் மறைக்காத புத்தகம் என்று பெயர் வாங்கியது. ஆனால் அதில் பெற்றோரின் வயதையும் திருமணத்தையும் பற்றிய ஆரம்ப வரிகளே உண்மையோடு பொருந்தவில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, திறந்த புத்தகம் என்பதும் ஒருவர் தேர்ந்தெடுத்துச் சொன்ன கதைதான்.

சரி, உங்களுடைய அடுத்த வாதம் எனக்குத் தெரியும். டேவிட் ரிட்ஸ் 2014இல் எழுதிய 'ரெஸ்பெக்ட்' இருக்கிறதே, உண்மை அதில் இருக்கிறதே என்பீர்கள். 1999 புத்தகத்தை அரீதாவோடு சேர்ந்து எழுதியவரும் இதே ரிட்ஸ்தான். பாடகர் ரே சார்ல்ஸை மனம் திறந்து பேச வைத்தவர் அவர். அரீதாவிடம் அது நடக்கவில்லை என்று அவரே சொன்னார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, அரீதாவின் சம்மதம் இல்லாமல், தன் பெயரில் இன்னொரு வாழ்க்கை வரலாறு எழுதினார். அரீதா அதைப் பொய் மூட்டை என்றே சொன்னார்.

நானும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன். நல்ல உழைப்பு. சகோதரிகள் எர்மாவும் கேரலினும், சகோதரர் செசிலும், தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லரும் அதில் நிறையப் பேசுகிறார்கள். ஆனால் கேரலின் 1988இலும், செசில் 1989இலும், எர்மா 2002இலும், வெக்ஸ்லர் 2008இலும் காலமாகிவிட்டார்கள். அச்சில் வந்ததைப் பார்த்து, நான் சொன்னது இப்படி இல்லை என்று சொல்ல அவர்களில் ஒருவரும் அப்போது இல்லை. அதற்காக அந்தப் புத்தகம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் படியுங்கள். ஆனால் மற்றவர்கள் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னதை முழு உண்மை என்றும், அவளே சொன்னதை ஏமாற்று வேலை என்றும் எடுத்தவுடன் முடிவு கட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மஸ்ஸல் ஷோல்ஸ் என்ற ஊரில் நடந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967 ஜனவரியில் அலபாமாவின் ஃபேம் ஸ்டுடியோவில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பாடிய முதல் ஒலிப்பதிவு. அரீதா பியானோவில் உட்கார்ந்து ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அழுத்தினார், அதைக் கேட்டு மற்ற வாத்தியக்காரர்கள் ஓடி வந்தார்கள் என்பார்கள். வாத்தியக்காரர் ஸ்பூனர் ஓல்டம் பியானோவை அவருக்கே விட்டுவிட்டு எலெக்ட்ரிக் பியானோவுக்கு நகர்ந்து, தடுமாறிக்கொண்டிருந்த பாட்டுக்கு ஒரு சின்ன வாசிப்பைக் கண்டுபிடித்தார். பாட்டு கைகூடியது. அன்றே குடியும் வாய்த்தகராறும் முற்றி, இரவு ஹோட்டலில் கைகலப்பாகி, மறுநாள் அரீதாவும் கணவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். வெக்ஸ்லர், ஸ்டுடியோ முதலாளி ரிக் ஹால், வாத்தியக்காரர்கள் என்று அந்தச் சண்டையை அவரவர் பாணியில் சொல்லியிருக்கிறார்கள். சண்டைக்கதை நமக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டது.

நமக்குக் கிடைக்காதது அந்தக் கார்டின் கதை. உங்களோடு நான் உடன்படும் இடம் இதுதான். அரீதா இசைக்குறிப்பு படிக்காமல் காதால் வாசித்தவர். பாடல்களை எழுதியவர். பிறர் பெயர் தயாரிப்பாளராக அச்சிடப்பட்ட இசைத்தட்டுகளிலும் வாத்திய அமைப்பை வீட்டுப் பியானோவிலேயே தீர்மானித்துக்கொண்டு வந்தவர். பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1965இல் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டைச் சகோதரிகளோடு உட்கார்ந்து பிரித்துக் கட்டினார். ரெஸ்பெக்ட் என்ற சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் அந்த இடம் ரெடிங்கின் பாட்டில் கிடையாது. 1967இல் அது நாட்டின் முதல் இடத்துக்குப் போனது. ஆனால் அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். வானொலி நிலையங்கள் பாடல் எழுதியவருக்குத்தான் பணம் தரும், பாடியவருக்குத் தராது. அதனால் அத்தனை ஆண்டுகள் ஒலிபரப்பியும் அந்த நிலையங்களிலிருந்து அந்தப் பாட்டுக்காக அவருக்கு ஒன்றும் வரவில்லை. இதையெல்லாம் அவர் வாயால் பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. புத்தகத்தில் அது போதாது. அந்தக் குறையை உங்களோடு சேர்ந்து நானும் சொல்கிறேன். ஆனால் உங்களில் எத்தனை பேர் அந்தக் குறையைச் சொன்னீர்கள்?

2015 டிசம்பரில் வாஷிங்டனில் கென்னடி கலை மையத்தின் விழாவில் அவர் பாடியதைப் பார்த்திருப்பீர்கள். 73 வயது. தரை தொடும் ரோமக்கோட்டோடு மேடைக்கு வருகிறார், கையில் ஒரு சின்னக் கைப்பை. அதைப் பியானோவின் மேல், தன் கண்ணெதிரே வைத்துவிட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குகிறார். கச்சேரிப் பணத்தை ரொக்கமாக முன்கூட்டியே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது அவர் பழக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். முந்தைய தலைமுறைப் பாடகர்கள் ஏமாற்றப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பாட்டின் பாதியில் எழுந்து கோட்டை நழுவவிட்டுக் கைகளைத் தூக்குகிறார். மாடத்தில் ஒபாமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தப் பையையும் அந்தக் குரலையும் ஒரே மனுஷிதான் மேடைக்குக் கொண்டுவந்தார். குரலை மட்டும் ஏற்றுக்கொண்டு பையைக் குறை சொல்வது எப்படிச் சரியாகும்?

2018 ஆகஸ்ட் 16 அன்று அவர் காலமானார். உயில் எழுதவில்லை என்று முதலில் நினைத்தார்கள். மறு ஆண்டு வீட்டில் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன, அதில் ஒன்று சோபா மெத்தையின் அடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தில். அவருக்காக மட்டும் அவர் கிறுக்கி வைத்த பக்கங்கள் நீதிமன்றத்துக்குப் போய், செய்தியாகி, அவர் சொல்ல மறுத்த பெயர் உள்பட எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது. 2023இல் பான்டியாக் நகர நீதிமன்றத்தில் நடுவர் குழு அந்த நோட்டுப் புத்தகத்தை உயில் என்று ஏற்றது. அது சட்டத்தின் வேலை, அதில் தவறு காண முடியாது. ஆனால் அந்தப் பெயர் வெளியானபோது, அப்பாடா, கடைசியில் தெரிந்துவிட்டது என்று உங்களில் சிலர் மகிழ்ந்தீர்கள் அல்லவா? அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தப் புத்தகத்தைப் படிக்கலாமா என்று யாராவது கேட்டால், அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். 1968ஆம் ஆண்டு டைம் கட்டுரையை முதலில் தேடிப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் புத்தகத்தைக் கொடுங்கள். ரிட்ஸின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள், ஆனால் இதுதான் அசல் என்று முத்திரை குத்தாமல் கொடுங்கள். அப்புறம், இன்றும் உயிரோடு இருக்கும் வயதான பாடகிகளை இனி யாராவது பேட்டி எடுத்தால், எந்தக் கார்டில் ஆரம்பித்தீர்கள், அந்த வரியை ஏன் மாற்றினீர்கள், காசு ஒழுங்காக வந்ததா என்று கேட்கச் சொல்லி நாம் எல்லோரும் வற்புறுத்துவோம். படுக்கையறையைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

அன்புடன்,
அரீதாவின் பாட்டை விடாமல் கேட்கும் ஒரு வாசகர்