சந்து விளக்குக்கு சென்சார்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. ராத்திரி சந்து வழியாகக் கொல்லைப்புறம் போகும்போது அம்மா சுவிட்சைத் தேடி இருட்டில் சுவரைத் தடவுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் விளக்கைத் தானே எரியவைக்கும் சென்சாரை உடனே போட்டுவிடு. கரண்ட் பில் குறையும் என்பதற்காகப் போடாதே. 9 வாட் எல்.இ.டி. தினமும் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான். அம்மா கால் இடறாமல் நடக்க வேண்டும், அதுதான் கணக்கு.

கடையில் உடம்புச் சூட்டைப் பிடிக்கும் பி.ஐ.ஆர்., அலை வீசி அசைவைப் பிடிக்கும் மைக்ரோவேவ் என்று இரண்டு வகை காட்டுவார்கள். மைக்ரோவேவ் உனக்கு வேண்டாம். அதன் அலை கதவு, கண்ணாடி, மெல்லிய சுவரை எல்லாம் ஊடுருவும். பக்கத்து வீட்டில் யாராவது நடந்தாலே உன் விளக்கு எரியும். பி.ஐ.ஆர். வாங்கு. அதிலும் மூன்று வயரும், ரிலே என்கிற உள் சுவிட்சும் உள்ளதாகப் பார். இரண்டு வயர் சென்சாரில் கசியும் கரண்டுக்கே எல்.இ.டி. மங்கலாக மினுங்கிக்கொண்டிருக்கும்.

எங்கே மாட்டுகிறாய் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சென்சாரின் வெள்ளை மூடியை உற்றுப் பார், கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு லென்ஸ். உடம்புச் சூடு ஒரு கட்டத்தின் பார்வையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போதுதான் உள்ளே சிக்னல் எழும். குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும். நேரே அதைப் பார்த்து நடந்து வந்தால் கிட்டே வந்த பிறகுதான் எரியும். அதனால் சந்தின் கோடியில் மாட்டாதே. பக்கச் சுவரில், பின்வாசலைத் தாண்டியதும், ஏழடி உயரத்தில் மாட்டு.

பெட்டியில் 12 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது 24 டிகிரிக்குக் கீழான கணக்கு. சித்திரை, வைகாசி ராத்திரியில் சுவரே அனலாக இருக்கும்போது, உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்துபோகும். ஐந்தாறு மீட்டருக்கு மேல் நம்பாதே.

சுவிட்ச் பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பும் வயர், இருக்காது, எனவே இணைப்பை விளக்குப் பாயின்ட்டில் கொடு. முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு விளக்கு வயர்களில் டெஸ்டர் வை. டெஸ்டர் எரிந்தால், பேஸில் (கரண்ட் வரும் வயரில்) போடாமல் நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. எப்படியானாலும் போர்டில் உள்ள எம்.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்சை இறக்கிவிட்டு, அந்தத் தப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய், பிறகு வேலையைத் தொடங்கு. பெரும்பாலான சென்சார்களில் பிரவுனுக்கு சுவிட்சிலிருந்து வரும் பேஸ், நீலத்துக்கு நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போவது. விளக்கின் மறுமுனை நியூட்ரலுக்கு. நம் ஊரில் சிவப்பு என்றாலே பேஸ் என்று கை பழகியிருக்கிறது. அப்படி மாற்றிக் கொடுத்தால் சென்சாருக்கு சப்ளையே போகாது, விளக்கும் எரியாது. அடியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்காமல் ஒரு வயரையும் முறுக்காதே.

வயர் கீழிருந்து மேலே ஏறி உள்ளே போகட்டும், மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். சென்சார் சுவரில் ஒட்டும் ஓரத்தில் மேல்புறமும் இரு பக்கமும் சிலிக்கான் பசை பூசு, அடியை மட்டும் திறந்தே விடு.

சென்சாரில் இரண்டு திருகு இருக்கும்: எவ்வளவு நேரம் எரியும் என்பதற்கு டைம், எவ்வளவு இருட்டினால் எரியும் என்பதற்கு லக்ஸ். சோதனைக்கு டைமைக் குறைந்தபட்சத்திலும், பகலிலும் எரியும்படி லக்ஸை சூரியன் படத்திலும் வை. கரண்ட் கொடுத்ததும் அரை நிமிடம் அது தன்னைத் தயார் செய்துகொள்ளும், பொறுத்திரு. பிறகு நடந்து பார். சரியென்றால் லக்ஸை நிலா பக்கம் திருப்பு, டைமை இரண்டு நிமிடமாக்கு. அம்மா மெதுவாகத்தானே நடப்பார்கள். விளக்கின் வெளிச்சம் சென்சார் முகத்தில் விழக் கூடாது. விழுந்தால் பகல் என்று நினைத்து அணையும், இருட்டியதும் மறுபடி எரியும், இப்படியே கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

ஏ.சி. வெளி யூனிட்டின் வெப்பக் காற்று, ஆடும் வாழை இலை, லென்ஸில் ஊரும் சிலந்தி, இவையெல்லாம் வீணாக எரியவைக்கும். வேண்டாத பக்கத்துக் கட்டங்களின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும். லென்ஸை ஈரத் துணியால் மட்டும் துடை, தின்னர் பட்டால் பாழாகிவிடும்.

இன்னொன்று. சுவிட்சுக்கு வரும் பேஸிலிருந்து சிவப்பு வயருக்கு நேராக ஒரு தனி சுவிட்ச் போட்டு வை. சென்சார் கெட்டாலும், வீட்டில் விசேஷம் என்றாலும் விளக்கை விடிய விடிய எரிய விடலாம். சந்தின் அகலமும் பின்வாசல் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதும் தெரிகிற மாதிரி ஒரு படம் வரைந்து அனுப்பு. துளை போடும் இடத்தைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்